ரெண்டு என்ன, மாப்பிள்ளை?

கடல்மேல் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

கரைமேல் இருக்கும் உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் கேப்டனும், முக்கியமாக உங்கள் கப்பலின் பாய்லரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் மனைவி, அதாவது என் மகள், டாக்டர் சொன்னபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறதாம். உங்கள் மாமியாரும் நலம். அவள் எப்போதும் நலம். நல்ல செய்திகள் இத்துடன் முடிந்தன.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். உங்களுக்கு நடுக்கடலில் சிக்னல் இல்லை. இருந்தாலும் என் மேசைக்கும் மகள் கட்டிலுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்புதான். நான் போனில் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் அவள் காதில் விழும். கம்ப்யூட்டரிலேயே அடித்து அனுப்பலாம். ஆனால் ஒருவன்மேல் புகார் எழுதினால் அதை அவன் கையிலேயே கொடுத்தா அனுப்புவது? ஆகவே பேனாவால் எழுதி, நாளைக் காலை உங்கள் கம்பெனி அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். படம் பிடித்துக் கப்பலுக்கு அனுப்புவார்களாம். சத்தமில்லாமல்தான் எழுதுகிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸி நின்றது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மாமா, ரொம்ப முக்கியம், மறந்துடாதீங்க, எப்பவும் ரெண்டு..." என்றீர்கள். டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான். கதவு சாத்திக்கொண்டது. நீங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டே போய்விட்டீர்கள். ரெண்டு என்ன, மாப்பிள்ளை?

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைத் தின்கிறது. ரெண்டு பிரதி எடுக்கச் சொன்னீர்களோ என்று எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ரெண்டு விரலால் அடிக்கச் சொன்னீர்களோ என்று ஒருநாள் முழுக்க இரண்டே விரலால் அடித்துப் பார்த்தேன். ரெண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையோ என்று உங்கள் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்; அவள் தூங்கிவிட்டாள். ஒருவேளை வயிற்றில் ரெண்டு என்று சொல்ல வந்தீர்களோ என்று பயந்து, டாக்டரிடம் போய் ரகசியமாகக் கேட்டேன். "ஒண்ணுதான், போங்க" என்றார்.

நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவையே என்றாலும், அறிக்கை என்றால் ஆரம்பத்திலிருந்து எழுதுவது என் பழக்கம். பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையெழுத்துப் பட்ட ஒரு பாய்லரும் வெடித்ததில்லை. அதற்குக் காரணம் என் திறமை அல்ல, பயம். மற்றவர்கள் ஒரு பாய்லருக்குள் ஆவியைப் பார்ப்பார்கள். நான் அது பறக்கப்போகும் திசையைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம்தான், மகளின் ஆராய்ச்சிக் கட்டுரையை அச்சுக்கோக்கும் வேலையை நீங்கள் இருவரும் ஒப்படைத்தீர்கள். அவளுடைய ஆராய்ச்சி முடிச்சுகளைப் பற்றிய கணிதம். எந்த முடிச்சு அவிழும், எது அவிழாது என்று இத்தனை வருஷமாக ஆராய்ந்திருக்கிறாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சைத் தவிர எனக்கு வேறு தெரியாது. பாதியை அவளே கம்ப்யூட்டரில் அடித்து முடித்திருந்தாள். மீதி கையெழுத்தில் இருந்தது. அப்போதுதான் ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டார். "உட்காரவே கூடாது. மனசுல ஒரு சின்னக் கலக்கம்கூட இருக்கக் கூடாது. அழுத்தம் ஏறிச்சுன்னா அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நான் அடிச்சுத் தர்றேம்மா, நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணவன்" என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

காலையும் மாலையும் அவள் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதும் என் வேலை. நீங்கள் வாங்கிக் கொடுத்த எண் காட்டும் கருவி எனக்குச் சரிப்படவில்லை. முள் ஆடாத அழுத்தமானியை நான் எப்படி நம்புவது? பழைய மாதிரி, முள் வைத்தது ஒன்று வாங்கி, டாக்டர் சொன்ன எல்லையில் உங்கள் மாமியாரின் நகச்சாயத்தால் சிவப்புக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். பாய்லரில் முள் சிவப்பைத் தொட்டால் ஆவியைத் திறந்துவிடலாம். மகளிடம் எதைத் திறந்துவிடுவது, சொல்லுங்கள்.

ஆகவே ஒரு முடிவு செய்தேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அந்தச் சேதி அந்தப் பக்கம் போகக் கூடாது.

இப்போது அந்த மென்பொருளைப் பற்றி. லேடெக் என்று செல்லமாகச் சொன்னீர்கள். சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் அடித்தால் அடித்தது அப்படியே திரையில் தெரியும். இதில் அப்படி இல்லை. பின்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, ஒரு கட்டளை எழுதி, வளைந்த அடைப்புக்குறிக்குள் விஷயத்தை வைத்து, கணிதம் வந்தால் இரண்டு பக்கமும் டாலர் குறியால் வேலி போட்டு, கடைசியில் 'ஓட்டு' என்ற பொத்தானை அழுத்தினால், அது உள்ளே போய் என்னவோ செய்து, அச்சடித்த புத்தகம் மாதிரி பக்கத்தை வெளியே தள்ளுகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும். முதல்நாள் நான் ஒரு பின்னம் அடித்து ஓட்டினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மயிரிழை போல ஒரு கோடு, அதன்மேல் வர்க்கமூலக் கூரை என்று எல்லாம் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகள் மண்டைக்குள் இருப்பது இவ்வளவு அழகா என்று நினைத்தேன். திறந்த ஒவ்வொரு அடைப்புக்குறியையும் மூட வேண்டும் என்ற விதியும் எனக்குப் பிடித்திருந்தது. திறந்த வால்வை மூடாமல் வீட்டுக்குப் போகிறவன் மனிதனே இல்லை.

ஆனால் அழகான பக்கத்தின் அடியில் இன்னொரு சன்னல் இருக்கிறது, மாப்பிள்ளை. அதில் அது தன் புகார்களை எழுதுகிறது. அதை நீங்கள் எனக்குக் காட்டவே இல்லை. நானாகத் திறந்துவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முதல் வரியில் 'பெட்டி நிரம்பி வழிகிறது' என்றிருந்தது. அடுத்த வரியில் 'பெட்டி வற்றிக் கிடக்கிறது, பேட்னஸ், அதாவது கெடுதல், பத்தாயிரம்' என்றிருந்தது. ஒரு பாய்லர்காரனுக்கு இதைவிட மோசமான இரண்டு வரிகள் கிடையாது. நிரம்பி வழிந்தால் குழாய் உடையும். வற்றினால், அதுதான் மாப்பிள்ளை, வற்றினால்தான் வெடிக்கும். பத்தாயிரம் என்ற எண்ணை நான் எந்த அழுத்தமானியிலும் பார்த்ததில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். வீடு முழுக்க இருட்டு. அந்தப் பக்கம் மின்விசிறி நின்றது.

"அப்பா, கரண்ட் போச்சா?" என்றாள் மகள்.

"ஆமாம்மா, தெரு முழுக்க இல்லை" என்றேன். உங்கள் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எதிர்வீட்ல லைட் எரியுதே" என்றாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து மகளே, நான் ஒன்றும் கேட்காமலே, "அப்பா, ஒரு வரி ஓரத்தைத் தாண்டி நீண்டு போச்சுன்னா அது பெட்டி அது இதுன்னு கத்தும். அதைக் கண்டுக்காதீங்க. கெடுதல் ஒண்ணும் இல்லை" என்றாள். நான் அசந்து போனேன். படுத்துக்கொண்டே எப்படி இப்படிச் சரியாகச் சொல்கிறாள்? ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஞானக்கண் உண்டு போலிருக்கிறது.

மறுநாள் எங்கேயோ ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டேன். ஓட்டினேன். முதலில் 'ஏதோ ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடிப்போய்விட்டது' என்றது. எது ஓடியது, எங்கே ஓடியது, ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து 'டாலர் காணவில்லை, நானே செருகிவிட்டேன்' என்றது. நான் சொல்லாமல் என் வேலையில் தானாக ஒன்றைச் செருகிவிட்டு, அப்புறம் அறிக்கை தரும் உதவியாளரை நான் என் காலத்தில் வைத்திருந்ததே இல்லை. கடைசி வரியில் 'எமர்ஜென்சி ஸ்டாப்' என்றது. மாப்பிள்ளை, இந்த இரண்டு வார்த்தையை ஒரு தொழிற்சாலையில் சொன்னால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஓடுவார்கள். நான் எப்படி ஓடுவது? தடுப்புக்கு அந்தப் பக்கம் எழுந்திருக்கக் கூடாத மகள். ஒரு கம்பளியை வாளித் தண்ணீரில் நனைத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் நின்றேன். வெகுநேரம் நின்றேன். தண்ணீர் சொட்டியது. கம்ப்யூட்டர் அமைதியாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உங்கள் மாமியார் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தரையைத் துடைத்தாள். "உங்களுக்கு என்ன, வாய் ஓயாம ஒரே ஜெபம்?" என்றும் கேட்டாள். நான் மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எப்படிக் கேட்டதோ.

அப்போதும் மகள், "அப்பா, மூணாவது பத்தியில ஒரு அடைப்புக்குறி மூடாம இருக்கா பாருங்க" என்றாள். பார்த்தேன். இருந்தது. மூடினேன். சரியாகிவிட்டது. ஞானக்கண்ணேதான்.

இப்படியே நாள் போயிற்று. நான் பயந்து, பயத்தை மறைத்து, சிரித்த முகத்தோடு அந்தப் பக்கம் போய் அழுத்தம் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து நடுங்கினேன். முள் ஒழுங்காக இருந்தது. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாலும், அது அவளைச் சுடவில்லை என்று திருப்தியாக இருந்தேன்.

நேற்று எல்லா அத்தியாயங்களையும் ஒன்றாகக் கோத்து, பொத்தானை அழுத்தினேன். அது வழக்கம்போல முனகியது. ஆனால் நிற்கவில்லை. முழுக் கட்டுரையும் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அதை அப்படியே மகளின் பேராசிரியருக்கு மெயில் போட்டுவிட்டு, அச்சடித்து எடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். 'தேற்றம் ??-இன்படி' என்றிருந்தது. 'படம் ??-இல் கண்டவாறு' என்றிருந்தது. 'சமன்பாடு ??-ஐயும் ??-ஐயும் சேர்த்தால் ?? கிடைக்கிறது' என்றிருந்தது. எங்கெல்லாம் ஓர் எண் இருக்க வேண்டுமோ, அங்கெல்லாம் இரட்டைக் கேள்விக்குறி. நான் மெயில் போட்ட அதே பிரதியைப் பார்த்துவிட்டு அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போன் செய்தார். சல்லடை மேடம் என்று மகள் சொல்வாளே, எதையும் தப்பிப் போக விடாதவர், அவரேதான். மகளின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. மாடிப்படிக்கு ஓடிப்போய் எடுத்தேன்.

"எல்லாத் தேற்றத்து மேலயும் கேள்விக்குறி இருக்கே, இது என்ன?" என்றார்.

"அவ தூங்குறா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் வாங்குவாங்க. இதை இப்படியே நான் அனுப்ப முடியாது. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம்! அடுத்த வருஷம் கையில் குழந்தை இருக்கும். நீங்கள் கடலில் இருப்பீர்கள். அப்புறம் எங்கே கட்டுரை, எங்கே பட்டம்? எத்தனை பெண்கள் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூடி வைத்ததைத் திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். என் கையால் அது நடக்கக் கூடாது.

ஏன் கேள்விக்குறி வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்த இயந்திரத்துக்கு என் மகளின் கணிதத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி ஓட்டிப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை, தோன்றவும் கூடாது. ஒருமுறை முனகிய பாய்லரை, காரணம் தெரியாமல் மறுபடி பற்றவைக்காதே என்பது என் தொழிலின் முதல் விதி. அதை மீறியவர்களின் படங்களை எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இந்த மென்பொருளையும் நான் எப்போதும் ஏதாவது ஒன்றைத் திருத்தாமல் மறுபடி ஓட்டியதே இல்லை. இப்போது திருத்த எதுவும் தெரியவில்லை. ஆகவே நானும் உங்கள் மாமியாரும் சேர்ந்து, சரியான எண்களைச் சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதி, கேள்விக்குறிகளின்மேல் பசை போட்டு ஒட்ட ஆரம்பித்தோம். அறுபதாவது பக்கத்தில் அவள் தும்மினாள். தேற்றங்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் போய்விட்டன.

நேற்று நான் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை, மாப்பிள்ளை. பயத்தில் வாயே அடைத்துப் போயிற்று. இதுவரை நான் மறைத்ததிலேயே மிகச் சுத்தமாக மறைத்தது நேற்றுத்தான். இருந்தும் மாலையில் பட்டை கட்டிப் பார்த்தபோது முள் நகச்சாயக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வரை ஏறி நின்றது. "எவ்வளவுப்பா?" என்றாள். "நார்மல்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் போன் செய்தேன். இன்னும் கொஞ்சம் ஏறினால் கூட்டிவரச் சொன்னார். இன்று காலையும் முள் அதே இடத்தில்தான் நின்றது. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. கம்ப்யூட்டரைப் பார்த்து இல்லை. அது வெடிக்காது என்று எனக்கும் தெரியும், நான் அவ்வளவு முட்டாள் இல்லை. வெடிக்காத ஒன்றைப் பார்த்துப் பயப்படுவது சுலபமாக இருந்தது, அதனால் அதைப் பார்த்துப் பயந்தேன். அந்த முள்ளைப் பார்த்துத்தான் என் ஈரக்குலை நடுங்குகிறது. எத்தனையோ பாய்லர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அதில் எதுவும் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

ஆகவே எங்கே இருந்தாலும், எந்தக் கடலில் இருந்தாலும், உடனே பதில் எழுதுங்கள். நீண்ட பதில் வேண்டாம். ரெண்டு என்ன? அது ஒன்றைச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் சொல்லுங்கள்.

உங்கள் கப்பல் எந்தப் பாறையிலும் மோதாமல், எந்தப் பாத்திரமும் வழியாமல், எதுவும் வற்றாமல், பேட்னஸ் சுழியமாகக் கரை சேர வேண்டும் என்று வாழ்த்தி, உங்கள் மாமியாரின் ஆசிகளையும் அவள் கேட்காமலே சேர்த்து அனுப்பி,

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
நடுங்கும் கையெழுத்தில்,
மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதற்கும் பதில் வேண்டாம், மாப்பிள்ளை. படிக்காமல் விட்டாலும் நல்லது. நான் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிய உடனே தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ரெண்டு தடவைப்பா" என்று குரல் வந்தது. "என்னம்மா?" என்றேன். "ரெண்டு தடவை ஓட்டணும். முதல் தடவை அது எந்தத் தேற்றம் எங்க இருக்குன்னு குறிச்சு மட்டும் வச்சுக்கும். ரெண்டாவது தடவைதான் எண்ணை எழுதும். அதைத்தான் அவர் டாக்ஸியில ஏறும்போது சொல்ல வந்திருப்பார்" என்றாள். டாக்ஸி விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளும் உங்கள் மாமியாரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு உங்கள் கப்பலுக்கே கேட்டிருக்க வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் முள் காட்டும் எண்ணை நான் வாய்விட்டுச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். அந்தப் பழக்கம் என்னை விடவே இல்லையாம். படிப்பதையெல்லாம், எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்கிறேனாம். பெட்டி வழிந்ததும், எமர்ஜென்சி ஸ்டாப்பும், நனைந்த கம்பளியும், இந்தக் கடிதம் முழுக்கவும், கேப்டனிலிருந்து கையெழுத்து வரை, அவளுக்குத் தெரியும். நான் பயந்துவிடுவேன் என்று, தனக்குக் கேட்பதை அவள்தான் எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறாள்.

"அப்பா, நீங்க அந்தப் பக்கம் முணுமுணுத்துட்டே இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். நேத்து உங்க சத்தமே இல்லை. உங்களுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள்.

முதல் விதியை மீறினேன். எதையும் திருத்தாமல் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. சல்லடை மேடம் பார்த்துவிட்டு, அனுப்பியாகிவிட்டது என்று பதில் போட்டுவிட்டார். பிறகு பட்டை கட்டி அழுத்தம் பார்த்தேன். முள் நகச்சாயக் கோட்டைவிட்டு வெகு கீழே, இந்தச் சில வாரங்களில் நான் பார்த்தே இராத ஓர் இடத்தில் போய் நின்றது. நம்பவில்லை. பட்டையை அவிழ்த்து, மறுபடி கட்டி, இரண்டாம் முறையும் பார்த்தேன். அதே எண். அவளுக்குக் கேட்கட்டும் என்று வாய்விட்டே படித்தேன்.